மேரி பிஸ்கட்டை எடுத்துவிட்டு முழு ஸ்பேர் வீல் வைக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வெருலத்தில் வீடு. 2019 மாடல் மாஸ்டா சிஎக்ஸ்-5, முன்சக்கர இயக்கம், நான்கு காலிலும் 225/55 ஆர்19 டயர், பூட்டுக்கு, அதாவது பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு, அடியில் மேரி பிஸ்கட் என்கிற மெலிந்த ஸ்பேர் ஒன்று. ஜூலைப் பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேராக க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறீர்கள். அந்த மெலிந்த சக்கரம் இருக்கிற குழியிலேயே முழு அளவுச் சக்கரத்தை வைக்க முடியுமா, பூட் தரை எவ்வளவு எழும்பும், ஐந்தாவதாக ஒரு மேக்ஸ் (அலாய் வீல்) வாங்கவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கலாம். மேக்ஸ் வேண்டாம், 17 அங்குல இரும்பு வீல் போதும். தரை எழும்பத்தான் செய்யும், எவ்வளவு என்பதை நீங்கள்தான் அளக்கவேண்டும், எப்படி என்று கீழே சொல்கிறேன். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள். இந்த விஷயத்தில் எல்லோரும் பூட்டை மட்டும் அளந்துவிட்டு ஸ்பேர் வாங்குகிறார்கள், அது வண்டியின் முன்சக்கரத்தில் ஏறுமா என்று பார்ப்பதே இல்லை.

டர்பனில் எந்த டயர் கடையில் கேட்டாலும் இந்த மெலிந்த சக்கரத்துக்கு மேரி பிஸ்கட் என்றுதான் பெயர். சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஊரில் ஸ்பேருக்கு ஸ்டெப்னி என்பார்கள். அதுவும் ஒன்றும் குறைந்த பெயரில்லை, 1904 வாக்கில் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் என்பவர் செய்து விற்ற சக்கரத்தின் பெயர் அது. அப்போது கார்களுக்கு ஸ்பேர் என்ற ஒன்றே கிடையாது. ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரை மாட்டி, அதைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே கவ்வவைத்து இறுக்கிவிட்டு ஓட்டுவார்கள். முதல் ஸ்பேரே வீடு போய்ச் சேரும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடுதான். நூறு வருஷம் சுற்றிவந்து மறுபடி அதே இடத்தில் நிற்கிறோம்.

கம்பெனிகள் ஏன் பிஸ்கட்டைக் கொடுக்கின்றன என்று கோபப்படவேண்டாம். எடை குறையும், எரிபொருள் கணக்கில் கொஞ்சம் கிடைக்கும், பூட் பெரிதாகத் தெரியும், விலையும் மிச்சம். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அது போதும். கேட்வே மாலிலிருந்து வீட்டுக்கு வர மேரி பிஸ்கட் தாராளம். தொல்லையெல்லாம் நெடுஞ்சாலையில்தான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜோஹனஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் ஒரு கல்யாணம், அதை முடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்3 நெடுஞ்சாலையில் டர்பன் திரும்புகிறோம். அப்போது என்னிடம் வேறு வண்டி, அதிலும் பிஸ்கட்தான். எஸ்ட்கோர்ட் பக்கம் ஏதோ லாரி உதிர்த்துவிட்டுப் போன டயர்த் தோல் நடுச்சாலையில் கிடந்தது. ஒதுக்கி ஓட்டினேன், அதற்கு அடியில் இருந்த என்னவோ இடது பின்டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது. பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் போடுகிற வேலைக்கே இடமில்லை. மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிறுத்தி, பூட்டைத் திறந்து, பெட்டிகளை எல்லாம் புல்லில் இறக்கி, பிஸ்கட்டை எடுத்தால் அமுக்கும்போதே விரல் உள்ளே போகிறது. இந்தச் சக்கரத்துக்கு 4.2 பார் காற்று இருக்கவேண்டும், சாதாரண டயரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வண்டி வாங்கிய நாளிலிருந்து நான் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. புது வண்டிக்குப் பூசை போடும்போது நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், ஐந்தாவதை யார் நினைக்கிறார்கள்?

அதைவிடப் பெரிய வேடிக்கை அப்புறம்தான். பிஸ்கட்டை மாட்டிவிட்டேன், சரி. கழற்றிய சக்கரம் எங்கே போகும்? பிஸ்கட் இருந்த குழியில் அது உட்காரவில்லை, பாதிக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. பூட் தரைப் பலகையை மூடமுடியாது, பலகையை மூடாமல் பெட்டிகளை வைக்கமுடியாது. கடைசியில் சேறு படிந்த அந்தச் சக்கரத்தை ஒரு மழைக்கோட்டில் சுற்றிப் பட்டுப்புடவைப் பெட்டிகளின் மேல் படுக்கவைத்தேன். சம்பந்தி வீட்டார் கொடுத்த பலகாரத் தட்டு மாமியார் மடியில், முறுக்கு டின் மகன் காலடியில், ஒரு சூட்கேஸ் பின்சீட்டில் இரண்டு பேருக்கு நடுவே. அப்படியே மெதுவாக உருட்டிக்கொண்டு அடுத்த கராஜ் (பெட்ரோல் நிலையம்) வரை போய்க் காற்று அடித்தேன். அங்கிருந்து வீடு வரைக்கும் இன்னும் 150 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. திறந்திருக்கிற டயர் கடை எதுவும் கண்ணில் படவில்லை.

பிஸ்கட்டில் 80க்கு மேல் போகக்கூடாது, பக்கத்திலேயே எழுதியிருக்கும். இங்கே கனரக லாரிகளுக்கும் வேக வரம்பு 80தான். ஆக மூன்று மணி நேரம் லாரிகளுக்கு நடுவில் லாரியாகவே வந்தோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில் இறக்கத்தில், முன்னால் ஒரு கண்டெய்னர், கண்ணாடியில் இன்னொரு கண்டெய்னர், பின்னால் ஒரு மூலையில் கையகல டயர். மாமியார் தட்டைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரமே முழு ஸ்பேர் தேட ஆரம்பித்தேன்.

இனி கணக்குக்கு வருவோம். ஸ்பேர் முழு அளவு என்றால் ரிம்மின் அங்குலம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, டயரோடு சேர்ந்த வெளிவிட்டம்தான் ஒன்றாக இருக்கவேண்டும். உங்கள் 225/55 ஆர்19ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 19 அங்குலம் 482.6 மி.மீ., டயரின் சுவர் உயரம் 225இல் 55 சதம், மேலும் கீழும் இரண்டு தடவை, 247.5. மொத்தம் 730 மி.மீ. இதே வண்டியின் கீழ் வகைகளில் வருவது 225/65 ஆர்17. அது 431.8 கூட்டல் 292.5, ஆக 724 மி.மீ. வித்தியாசம் 6 மி.மீ., ஒரு சதவீதம்கூட இல்லை. புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் இடையில் விட்டத்தில் 10, 12 மி.மீ. வித்தியாசம் வரும். அதாவது உங்கள் நான்கு டயருக்குள்ளேயே இதைவிட அதிக வேறுபாடு இருக்கலாம். பாரம் தாங்குவதிலும் குறைச்சல் இல்லை. 19க்கு வழக்கமாக வருகிற பாரக் குறியீடு 99, அதாவது ஒரு டயருக்கு 775 கிலோ. 17க்கு 102, 850 கிலோ.

பிஸ்கட்டில் அளவுக்கு முன்னால் 'டி' என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், தற்காலிகம் என்று அர்த்தம். உதாரணத்துக்கு 145/90, 16 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் விட்டம் 667 மி.மீ. உங்கள் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 436 சுற்றுச் சுற்றினால் இது 477 சுற்றும். பின்னால் மாட்டினால் பரவாயில்லை, முன்சக்கர இயக்கத்தில் பின்சக்கரம் சும்மா உருள்கிறதுதான். முன்னால் மாட்டினால், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் வளைவில் திரும்புகிற மாதிரி இடைவிடாமல் வேலை செய்யும். அதனால்தான் முன்டயர் போனால் பின்டயரைக் கழற்றி முன்னால் போட்டு, பிஸ்கட்டைப் பின்னால் போடச் சொல்வார்கள், அதாவது சாலையோரத்தில் இரண்டு சக்கரம் கழற்றவேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பே சூடாகும், அவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். உங்கள் வண்டியில் 17 அங்குல முழு ஸ்பேர் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, எந்த மூலையிலும் மாட்டலாம்.

சரி, எந்த 17 அங்குல இரும்பு வீலும் ஏறிவிடுமா? ஏறாது. ஸ்க்ராப்யார்டுக்குப் போகும்போது இதைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: ஐந்து துளை, பிசிடி (துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ., நடு ஓட்டை 67.1 மி.மீ., ரிம் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் (வீல் வண்டியில் ஒட்டும் தட்டு ரிம்மின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் அளவு) 45க்கும் 50க்கும் இடையில், நட்டு எம்12, மரை 1.5. ஹூண்டாய், கியா வண்டிகள் பலவற்றிலும் பிசிடியும் நடு ஓட்டையும் இதேதான், அதனால் உங்களுக்குத் தேடல் சுலபம். டொயோட்டா வீலிலும் 114.3 இருக்கும், ஆனால் நடு ஓட்டை 60.1, உங்கள் ஹப்பில், அதாவது சக்கரம் ஏறி உட்காரும் அச்சுத் தலையில், உட்காரவே உட்காராது. நிஸ்ஸான் 66.1. ஒரு மி.மீ. தானே என்று சுத்தியலால் தட்டி ஏற்றிய ஆளை நான் பார்த்திருக்கிறேன். ஏறிவிட்டது, இறங்கத்தான் மறுத்தது. ஃபோல்க்ஸ்வாகன் டிகுவான் வைத்திருப்பவர்களுக்குக் கதையே வேறு, பிசிடி 112, நடு ஓட்டை 57.1, நட்டுக்குப் பதில் போல்ட், அதன் தலையும் உருண்டையாக உட்காரும் வகை. மாற்றிப் போடவேகூடாது.

இந்த உட்காரும் வகை முக்கியம், கடைக்காரர்களே சில சமயம் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். நட்டு வீலைத் தொடும் இடம் கூம்பாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம், வாஷர் வைத்துத் தட்டையாகவும் இருக்கலாம். உங்கள் வண்டியில் கூம்பு, இரும்பு வீலும் கூம்பு, பிரச்சினை இல்லை. பழைய டொயோட்டா வைத்திருப்பவர்கள் மேக்ஸுக்கு வாஷர் வைத்த நட்டும் இரும்புக்குக் கூம்பு நட்டும் வேண்டுமா என்று பார்த்து, வேண்டுமென்றால் ஐந்து நட்டைத் தனியாக ஒரு பையில் போட்டு ஸ்பேரோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேக்ஸ் திருடுபோகாமல் இருக்க லாக் நட்டு போட்டிருந்தால் அதன் சாவியும் அதே பையில். வீட்டில் பூசை மாடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அப்போது வீட்டிலிருந்து வெகுதூரத்தில், பொங்கோலாவில் நின்றுகொண்டிருந்தார்.

எல்லா எண்ணும் பொருந்தினாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. வீலை வாங்கியதும், டயர் ஏற்றுவதற்கு முன்பே, வெறும் ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டிப் பாருங்கள். பிரேக் டிஸ்க் பெரிதாக இருப்பது முன்னால்தான், டிஸ்கைக் கவ்வுகிற காலிப்பர் ரிம்மின் உள்சுவரை இடித்தால் அங்கேதான் இடிக்கும். இரண்டு நட்டைக் கையால் திருகி, ரிம்மைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாகப் போகவேண்டும். உரசுகிற சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வண்டியில் கீழ் வகைக்கு 17 வருவதால் பெரும்பாலும் இடிக்காது, இருந்தாலும் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பழைய ரிம் வாங்கும்போது வெளிப்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள் விளிம்பைத்தான் விரலால் தடவிப் பார்க்கவேண்டும், குழியில் அடிபட்ட வீல் அங்கேதான் நெளியும். ஏப்ரல் 2022 வெள்ளத்துக்கு அப்புறம் நம் பக்கத்துச் சாலைகள் என்ன கதியில் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும், யார்டுகளில் நெளிந்த வீலுக்குப் பஞ்சமே இல்லை. பேலன்சிங் மெஷினில் போட்டுச் சுற்றச் சொல்லுங்கள், அலைந்தால் அது வேண்டாம்.

இப்போது பூட். தரைப் பலகையைத் தூக்கி, பிஸ்கட்டையும் அதைச் சுற்றியுள்ள தெர்மகோல் மாதிரிச் செருகல்களையும் முழுக்க வெளியே எடுங்கள். பலகை உட்காரும் விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு ஒரு கயிறை இழுத்துக் கட்டுங்கள். கயிற்றிலிருந்து குழியின் அடிவரைக்கும் நான்கைந்து இடத்தில் அளந்துகொள்ளுங்கள், நடுவில் மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஓரத்தில் குழி மேலேறியிருக்கும். குழியின் குறுக்களவு 725 மி.மீ.க்கு மேல் வேண்டும். ஆழம் 225, 230 மி.மீ. இருந்தால் பலகை பழைய இடத்திலேயே உட்காரும், 180தான் இருந்தால் 5 செ.மீ. எழும்பும். அவ்வளவுதான் கணக்கு. டயர் கடையில் தெரிந்தவர் இருந்தால் 17 அங்குலச் சக்கரம் ஒன்றை அரைமணி நேரம் கடன் வாங்கிக் குழியில் வைத்தே பார்த்துவிடுங்கள், டேப்பைவிட அது நம்பகமானது.

சக்கரத்தை எந்தப் பக்கமாகப் படுக்கவைப்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆஃப்செட் 45 என்றால் ஹப்பில் ஒட்டும் தட்டு ரிம்மின் வெளிமுகத்துக்கு அருகில் இருக்கிறது. வெளிமுகம் கீழே இருக்கும்படி படுக்கவைத்தால் அந்தத் தட்டு குழியின் அடிக்குப் பக்கத்தில் வரும், மேல்பக்கம் ஆழமான கிண்ணம் மாதிரித் திறந்திருக்கும். ஜாக், ஸ்பேனர், கையுறை எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள் போய்விடும். உங்கள் வண்டி போஸ் ஒலி அமைப்பு உள்ள வகையாக இருந்தால் ஸ்பேருக்குள்ளேயே சப்வூஃபர் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதற்கும் இந்தக் கிண்ணம்தான் இடம். பாட்டுக்கு ஆசைப்பட்டு ஸ்பேரை விடுவதா, ஸ்பேருக்காகப் பாட்டை விடுவதா என்று வீட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப் படுக்கவைப்பதில் ஒரு குறை: காற்று அடிக்கிற வால்வு கீழ்ப்பக்கம் போய்விடும். ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைத் தூக்கித்தான் காற்றுப் பார்க்கவேண்டும், அப்படியென்றால் நீங்கள் பார்க்கவேமாட்டீர்கள், என் கதைதான் உங்களுக்கும். வால்வில் திருகுகிற நீட்டுக் குழாய் கிடைக்கிறது. அதை மாட்டி, ஒரு துளை வழியாக மேலே கொண்டுவந்து ரிம்மில் கட்டி வைத்துவிடுங்கள்.

குழியின் நடுவில் இருக்கும் பிடி போல்ட் எந்த உயரத்துக்கு எட்டுகிறது என்று பாருங்கள். எட்டாவிட்டால் அதே மரையில் நீளமான போல்ட் வாங்கி, பெரிய வாஷர் போட்டு இறுக்கவேண்டும். பலகையின் கனமே போதும், சக்கரம் எங்கே போகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். இரும்பு வீலும் டயரும் சேர்த்து ஏறக்குறைய 24 கிலோ, பின்சீட்டில் உங்கள் பிள்ளைகள். முன்னால் மோதினால் அது எங்கே போகும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

பலகை எழும்பினால் சுற்றி ஒட்டுப்பலகையில் ஒரு சட்டம் அடித்து, மேலே பழைய பலகையையே வைத்துவிடலாம். செய்வதற்கு முன் பின்கதவு மூடுகிறதா, பின்சீட்டை மடித்தால் எவ்வளவு படி நிற்கிறது என்று பாருங்கள். 5 செ.மீ. எழும்பினால் என் கணக்கில் தாராளமாக ஒத்துக்கொள்ளலாம், ஒரு சூட்கேஸ் படுக்கைக்குப் பதில் நிற்கும். 10 செ.மீ. என்றால் யோசிப்பேன். அப்போதும் ஊருக்குள் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, நீண்ட பயணத்துக்கு மட்டும் முழு ஸ்பேரைப் பூட்டில் கட்டிக்கொண்டு போவேன். கூரைமேல் கட்டுகிற யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. இருட்டில், சாலையோரத்தில், தலைக்கு மேலிருந்து 24 கிலோவை இறக்கிப் பாருங்கள், தெரியும்.

டயர் புதிதாக வாங்கவேண்டிய அவசியமில்லை. 17 அங்குல வகை வைத்திருப்பவர்களிடம் நான்கையும் மாற்றும்போது கழற்றியதில் நல்லதாக ஒன்றைக் கேளுங்கள். பட்டன், அதாவது டயர்ப் பள்ளத்தின் ஆழம், இன்னும் 4, 5 மி.மீ. இருந்தால் ஸ்பேருக்குத் தாராளம். சட்டப்படி இங்கே 1 மி.மீ. போதும், ஆனால் ஜூலையில் காய்ந்த சாலை என்று நம்பி அந்த அளவுக்கு இறங்காதீர்கள். பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஸ்பேர் தேயாது, ஆனால் கிழடு தட்டும், வெயிலே படாவிட்டாலும் ரப்பர் காயும். ஆறு வருஷம் தாண்டியதை நான் வாங்கமாட்டேன். காற்றை வழக்கத்தைவிட 0.3 பார் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். குறைப்பது சுலபம், நடுவழியில் கூட்டுவதுதான் கஷ்டம்.

மாட்டிய பிறகு டாஷ்போர்டில் டயர் விளக்கு எரியலாம். வீலுக்குள் சென்சார் உள்ள வண்டி என்றால் ஸ்பேரில் சென்சார் இல்லாதவரை அது எரிந்துகொண்டுதான் இருக்கும். சக்கரம் சுற்றுவதை வைத்துக் கணக்கிடும் வகை என்றால் காற்றைச் சரிபார்த்துவிட்டு ரீசெட் பொத்தானை அமுக்குங்கள், அடங்கிவிடும்.

கிளம்புவதற்கு முந்தின வார இறுதியில் வீட்டு முற்றத்தில் ஒரு தடவை நீங்களே சக்கரம் மாற்றிப் பாருங்கள். வண்டியோடு வந்த ஸ்பேனரால் நட்டு அசைகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கிவிடுகிறார்கள். உங்கள் நட்டுக்கு 110, 120 நியூட்டன் மீட்டர் போதும், துப்பாக்கி அதைவிட எங்கேயோ போய்விடும். எஸ்ட்கோர்ட்டில் நான் ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்தேன், மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள், மூன்றாவது குதிப்பில்தான் 'கீச்' என்றது. அதிலிருந்து பூட்டில் இரண்டடி இரும்புக் குழாய் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது, ஸ்பேனர் கைப்பிடியில் செருகி அழுத்தினால் போதும். இன்னொன்று, நாம் கடற்கரை ஊர்க்காரர்கள். உப்புக்காற்றில் ஹப்பும் மேக்ஸும் ஒட்டிக்கொள்ளும், நட்டெல்லாம் கழன்ற பிறகும் சக்கரம் வராது. அப்போது நட்டுகளை இரண்டு சுற்றுத் திருகி விட்டுவிட்டு, ஜாக்கை இறக்கி வண்டியை ஓரடி முன்னும் பின்னும் நகர்த்தினால் விட்டுவிடும். ஜாக்கில் நிற்கும்போது உதைக்காதீர்கள். முற்றத்தில் கழற்றியபோதே ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, மரையில் படாமல் மெல்லிசாக கிரீஸ் தடவிவிட்டால் வழியில் தொல்லை இல்லை. மாட்டும்போது நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

நீங்கள் என்2 நெடுஞ்சாலையில் பொங்கோலா, பீட் ரிட்டீஃப் வழி போவதாக எழுதியிருக்கிறீர்கள். ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு நிலக்கரி லாரிகள் இறங்குகிற பாதை அது, குழிகளை அவைதான் ஆழப்படுத்துகின்றன. இருட்டுவதற்கு முன் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் 45 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள், பலர் பம்பருக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். க்ரூகருக்குள் தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40தான் வேகம், அங்கே பிஸ்கட்டுக்கும் முழு ஸ்பேருக்கும் வேகத்தில் வித்தியாசமில்லை. ஆனால் மண்சாலைக் கல்லில் மெலிந்த டயரை வைத்துக்கொண்டு அடுத்த முகாம் வரைக்கும் உருட்டுவது வேறு. உள்ளே பஞ்சரானால் கதவைத் திறக்கும் முன் நாலாப்பக்கமும் பாருங்கள், ஒருவர் காவல் பார்க்கட்டும், முடிந்தால் முகாமுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அம்மாவை உள்ளேயே உட்காரச் சொல்லுங்கள், உதவி செய்கிறேன் என்று அவர்தான் முதலில் இறங்குவார்.

இதே கேள்வியோடு வேறு வண்டிக்காரர்களும் வருவீர்கள் என்று தெரியும். ஃபார்ச்சூனர், பக்கி (பிக்-அப் வண்டி) வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை, முழு ஸ்பேர் அடிவயிற்றில் சங்கிலியில் தொங்குகிறது. உங்கள் கவலை திருட்டு, நல்ல பூட்டு ஒன்று போடுங்கள், மாதம் ஒரு தடவை குனிந்து இருக்கிறதா என்றாவது பாருங்கள். சில ஹைப்ரிட்களில் பூட் பக்கம் பேட்டரி உட்கார்ந்திருக்கும், ஏழு சீட்டு வண்டிகளில் மூன்றாவது வரிசை இடத்தைத் தின்றுவிடும். அளக்காமல் வீல் வாங்காதீர்கள்.

தம்பி, கயிறு கட்டி அளந்ததும் நான்கு எண்ணையும் எழுதுங்கள்: குறுக்களவு, நடு ஆழம், ஓர ஆழம், பிடி போல்ட்டின் உயரம். சப்வூஃபர் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். சட்டத்துக்கு ஒட்டுப்பலகை எந்த அளவில் அறுப்பது என்று அதற்கப்புறம் பார்க்கலாம்.